ஒரே கழுவலில் தெளிந்த சாலை

மனித நாகரிகத்தின் உச்சம் தார்ச்சாலை போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். பாவம், விவரம் தெரியாதவர்கள். போட்ட சாலையைப் பெயர்த்து வந்து, அதிலிருந்து தாரைத் திரும்பப் பிரித்தெடுப்பதுதான் உச்சம். அந்த உச்சத்தில் பதினெட்டு வருடமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். சாலைத் துறை ஆய்வகத்தின் தலைமை வேதியியலாளன்.

பெயர்த்த துண்டைச் சுழலும் கிண்ணத்தில் போட்டு, டொலுவின் என்ற கரைப்பானை ஊற்றிச் சுற்றுவோம். தார் கரைந்து கன்னங்கரேலென்று வடியும். மறுபடி ஊற்றினால் கொஞ்சம் வெளுக்கும். ‘வடிவது தெளியும் வரை கழுவுக, தெளிந்ததும் சோதனை நிறைவுற்றது’ என்கிறது கையேடு. வடிந்த தாரில் ஹெப்டேன் என்ற இன்னொரு கரைப்பானை ஊற்றினால் அஸ்பால்டீன் என்ற கறுப்புப் பொடி அடியில் தங்கும். எண்ணெயும் பிசினும் கரைந்து மேலே நிற்கும். நல்ல சாலைக்கு எட்டுக் கழுவல் ஆகும். டொலுவின் நெடியில் எனக்கு அரை நாள் தலை கிறுகிறுக்கும்.

எங்கள் தெரு முனையில் புதுச்சாலை போட்டார்கள். அதற்காக மூன்று வருடம் மனு எழுதி அலைந்தவள் என் மனைவி. தினமும் ஸ்கூட்டரில் வேலைக்குப் போவது அந்த வழியாகத்தான்.

“ஏங்க, சோதனைக்கு உங்ககிட்டதானே வரும்? நல்லா பாத்து விடுங்க” என்றாள்.

“என்னை விட்டா யார் இருக்கா?” என்றேன். அது மட்டும் உண்மை.

துண்டு வந்தது. உதவியாளர் அம்மா கிண்ணத்தைச் சுற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சார், முதல் கழுவலே தண்ணி மாதிரி வருது.”

“தெளிவா இருக்கா?”

“பளிங்கு மாதிரி இருக்கு.”

“அப்ப சோதனை முடிஞ்சுது.”

“முடியல சார். இதுல தாரே இல்ல. கறுப்புக் களிமண்ணுல ஜல்லியைக் குழைச்சுப் போட்டிருக்காங்க.”

“கையேட்டுல என்ன போட்டிருக்கு?”

“தெளியும் வரைன்னு…”

“தெளிஞ்சிருக்கா, இல்லையா?”

அவர் என்னையே பார்த்தார். எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் ‘தார் இல்லை’ என்று எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. மீறி எழுதினால் விளக்கக் கடிதம், நேரில் விசாரணை, மூன்று கூட்டம். அன்று வெள்ளிக்கிழமை வேறு. ‘சோதனை நிறைவுற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து நின்றார். “எட்டுக் கழுவல் வேலையை ஒண்ணுல முடிச்சிருக்கார்! டொலுவின் மிச்சம்! ஹெப்டேன் ஒரு சொட்டுகூடச் செலவில்ல!”

பிரிக்கத் தார் இருந்தால்தானே செலவாகும் என்று நான் சொல்லவில்லை. அடக்கமாகத் தலை குனிந்தேன். ‘ஒரே கழுவலில் வேகமும் தெளிவும்’ என்று பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். சட்டம் போட்டு வீட்டில் மாட்டினேன். வாரம் தவறாமல் அதைத் துடைத்தவள் என் மனைவி.

முதல் மழையிலேயே சாலை ஜல்லியும் சேறுமாகப் பிரிந்துகொண்டது. எந்தக் கரைப்பானும் தேவைப்படவில்லை. மறுநாள் காலை என் மனைவியின் ஸ்கூட்டர் அதில் சறுக்கியது.

மருத்துவமனைக்கு ஓடினேன். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, முழங்கால் கிழிந்திருந்தது. நர்ஸ் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“புது ரோட்டுல விழுந்து வர்றவங்களுக்குத் தார் அப்பியிருக்கும். எண்ணெய் போட்டுத் தேய்ச்சு எடுக்கிறதுக்குள்ள உயிர் போயிடும். உங்களுக்கு ஒரே கழுவல்ல சுத்தமாயிடுச்சும்மா. வெறும் ஜல்லிதான்.”

பதினெட்டு வருடத்தில் என் ஆய்வு முடிவை வேறொரு இடத்தில் உறுதிப்படுத்தியது அதுதான் முதல் தடவை. பெருமைப்பட வேண்டிய நேரம். எனக்கோ வெட்கத்தில் காது சுட்டது.

என் மனைவி பீங்கான் கிண்ணத்தில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தாள். அடியில் ஜல்லி தெளிவாகத் தெரிந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பதை அவள் எத்தனை தடவை படித்திருப்பாள்!

நர்ஸ் படிவத்தை எடுத்தார். “காயத்துக்குக் காரணம் என்னன்னு எழுத?”

“இதோ நிக்கிறாரே, இவர் பேரை எழுதுங்க.”

நர்ஸின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“அடிச்சாராம்மா?”

“இல்லம்மா. கையெழுத்துப் போட்டாரு.”