அரை மாத்திரையும் சுறா எண்ணெயும்

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கியவள். படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் போகவில்லை. ஆனாலும் அப்போதெல்லாம் திரேஸ்புரத்தில் காய்ச்சல், கட்டி, வயிற்றுவலி என்று எது வந்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமையில் ஒருமுறை என் புருஷனைத் தோணியாக நினைத்து வைத்தியம் பார்த்துவிட்டேன். மற்றவர்கள் கூட்டிச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்த்தோணியில் அவர் தண்டல். (தோணியில் அவர் சொல்தான். வீட்டில் என் சொல்.) ஒருநாள் மூட்டை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து பிழைத்தார். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். நாசரேத்துப் பக்கத்துக்காரர், சின்ன வயது.

"தண்டல், உங்க தோணி அடியில சிப்பியும் பாசியும் பிடிக்கும்லா? அதே மாதிரி இருதயத்துக்குப் போற ரத்தக்குழாய்க்குள்ள கொழுப்பு படிஞ்சிருக்கு."

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தபின் காது கொடுப்பது என் வழக்கமில்லை. அதற்கு மேல் அவர் சொன்ன எதையும் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது அதற்கு மேல்தான்.

கடைசியில், "தினம் அரை மாத்திரை, சாப்பிட்ட பிறகு. ஒரு நாளும் விடக்கூடாது" என்றது மட்டும் காதில் விழுந்தது. வெளியே வந்து பொட்டலத்தைப் பிரித்தால், நான் தலைவலிக்குப் போடுகிற அதே ஆஸ்பிரின்!

"ஏங்க, நெஞ்சு நோவுக்குத் தலைவலி மாத்திரையா? அதையும் ஒடைச்சுத் திங்கணுமாம்."

"படிச்சவரு சொல்லுதாருல்லா, ஏளா."

"அவரு தோணிக்கு அடி சுரண்டிப் பாத்திருக்காரா?"



தோணியைக் கரையேற்றினால் என்ன செய்வார்கள் என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். சிப்பியைச் சுரண்டிவிட்டு மீனெண்ணெயில் சுண்ணாம்பு குழைத்து அடியில் பூசுவார்கள். ரத்தக்குழாய்க்குள் போய்ச் சுரண்ட முடியாது. எண்ணெயாவது போகட்டும் என்று முடிவு செய்தேன். கடற்கரைக்குப் போய்ச் சுறா ஈரல் வாங்கிவந்து சட்டியில் போட்டு உருக்கினேன். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பில் ஒரு நுனி சேர்த்தேன். (முறை என்றால் முழுதாகச் செய்ய வேண்டும்.)

எதிர்வீட்டு ரோசம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னளா காச்சுத? தெருவே நாறுது!"

"மருந்து."

"யாருக்கு, எலிக்கா?"

மாத்திரைகளை எறிய மனம் வரவில்லை. தலைவலிக்கு ஆகுமே. மாதா படத்துக்குப் பின்னால் செருகிவைத்தேன்.

மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு கிண்ணம் எண்ணெய். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "வச்சிட்டுப் போ. கொல்லையில காத்தாட நின்னு குடிச்சிக்கிடுதேன்" என்றார். காலிக் கிண்ணம் தவறாமல் திரும்பி வந்தது. கொல்லையில் பூனைகள் பெருகின.

இன்னொன்றும் நடந்தது. கோயிலுக்குக் கூப்பிட்டால் கடலைக் காட்டுகிற மனிதர், தினமும் மாதா படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பி நின்றார். அதுவும் காலைச் சாப்பாடு முடித்த கையோடு. நோய் வந்து ஆளைப் பக்தனாக்கிவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (வயிறு நிறையத் தின்றுவிட்டு எவன் ஜெபத்துக்குப் போவான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.)

இரண்டு வாரம் கழித்து டாக்டர் நாடி பார்த்து, குழல் வைத்துக் கேட்டு, "நல்லா இருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இருக்காதா பின்னே? ஒங்க மாத்திரையை அன்னைக்கே நிறுத்திட்டேன், டாக்டரய்யா. சுறா எண்ணெய்தான் குடுக்கேன். உள்ள இருக்கிற சிப்பியெல்லாம் வழுக்கிட்டுப் போயிருக்கும்."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, அந்த மாத்திரை எதையும் சுரண்டாது. சுரண்டுற மருந்து எங்ககிட்டயே இல்ல. படிஞ்சிருக்கிற இடத்துல ரத்தம் ஒட்டிக் கட்டியாச்சுன்னா குழாய் அடைச்சிரும். அப்படி ஒட்டவிடாம பாத்துக்கிடத்தான் அரை மாத்திரை. இந்த நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்க்கிறதே இப்பதான் வந்திருக்கு. அன்னைக்கு இவ்வளவும் சொன்னேனே!"

"அடைச்சா?" என்று கேட்டேன்.

டாக்டர் என் புருஷனைப் பார்த்தார். இரண்டு வாரமாக நானே இந்த மனுஷனைக் கொன்றுகொண்டு இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

"டாக்டர், ஒரு நாளும் விடல. இன்னைக்குக் காலம்பறகூடப் போட்டாச்சு." சட்டைப் பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்துப் பிரித்தார். உள்ளே மீதி அரை மாத்திரை.

"எங்கனருந்து எடுத்தீக?"

"மாதா படத்துக்குப் பொறத்தால இருந்து. கல்யாணம் ஆனதுலருந்து நீ எதை ஒளிச்சாலும் அங்கனதான ஒளிக்க."

"அப்ப ஜெபம்?"

"அதுவும் பண்ணினேன். நீ கண்டுபிடிச்சிரக் கூடாதுன்னு."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு கேட்டார்: "அப்ப அந்த எண்ணெய்?"

"கொல்லையில நம்ம பழைய வள்ளம் கவுத்துக் கெடக்கு. அதுக்குப் பூசிட்டேன். அடி பளபளன்னு இருக்கு, டாக்டர்."

திரும்பும் வழியில், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொன்னா நீ ஒளிக்கிற எடத்தை மாத்தியிருப்ப" என்றார். உண்மைதான். மாற்றியிருப்பேன்.

அன்று முதல் மாத்திரையை நானே ஒடித்துக் கையில் கொடுத்தேன், விழுங்குகிறவரை முன்னால் நின்றேன். கொழும்புக்குப் போக டாக்டர் விடவில்லை. எண்ணெய் பூசிய அந்த வள்ளத்தை இறக்கிக் கரையோரமாகப் போய்வந்துகொண்டு வெகுகாலம் இருந்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது மாதா படத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றால், "என்ன, சாப்பாடு முடிஞ்சதா?" என்றுதான் கேட்பார்கள்.

போன வருஷம் எனக்கும் அதே மருந்தை எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். இப்போது சின்னதாகவே செய்து வருகிறது, ஒடிக்க வேண்டியதில்லை. நான் ஒளிப்பதும் இல்லை.

ஏளா ஜெனி, பாட்டி எழுத்து கோணலா இருந்தாலும் இங்கன வந்து இதை ஒருதரம் வாசிச்சுக் காட்டு. ஜெபம் வர்ற எடத்தைச் சத்தமா வாசி. எண்ணெய் வர்ற எடத்தை மட்டும் மெதுவா. வாசக்கதவு தெறந்து கெடக்கு, ரோசம்மா பேத்தி எதிர்வீட்டுலதான் இருக்கா.