முந்தானையில் முளைத்த கண்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைச் சும்மா விடுவதற்குப் பக்குவம் வேண்டும். நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். பட்டங்கள் இருந்தன, பக்குவம் இல்லை.

என் மனைவியின் தம்பி ஏகாம்பரம், சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் வரைந்து, வீட்டிலேயே மூன்று தறி போட்டு நெய்துகொண்டிருந்தான். இரண்டாயிரத்துக்குச் சற்றுப் பிந்திய காலம். அவன் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தவன் நான்தான். (அவன் கேட்கவில்லை.)

அதில் விண்டோ மேனேஜர் என்று ஒரு நிரல் உண்டு. திரையில் திறக்கும் ஒவ்வொரு ஜன்னலுக்கும் சட்டம் போட்டு, தலையில் ஒரு பட்டையும் மூடுகிற பொத்தானும் வைப்பது அதன் வேலை. லினக்ஸோடு கூடவே வந்த நிரல் ஒழுங்காகத்தான் உழைத்தது. எனக்குத்தான் அது பாமரர்களுக்கானது என்று பட்டது. ஒரு மாலை அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தேன். புதியதில் பட்டையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. எல்லாமே விசைப்பலகையில் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்திச் செய்ய வேண்டியது. அழகுக்கென்று, மவுஸின் சுட்டி போகும் பக்கமெல்லாம் விழி திருப்பும் இரண்டு கண்களைத் திரையில் உட்காரவைத்து, எந்த ஜன்னலும் அவற்றை மறைக்காதபடி கட்டளையும் எழுதினேன்.

மறுநாள் காலை சென்னையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். முகூர்த்தப் புடவையோடு உறவுக்காரர்களுக்கும் சேர்த்துப் பெரிய ஆர்டர். கிடைத்தால் பொங்கல் வரை மூன்று தறியும் ஓடும், இல்லாவிட்டால் நிற்கும். ஏகாம்பரம் போன் செய்து என்னை வரவழைத்தான்.

"மாமா, இன்னா பண்ணி வச்சிக்கிறீங்க? நகத்தவும் முடியல, மூடவும் முடியல."

திரையில் அவன் வரைந்த முந்தானை விரிந்திருந்தது. அதன் மேல் என் கண்கள். பெண்ணின் அத்தை மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இன்னாபா, முந்தியில ரெண்டு கண்ணு முழிச்சிக்கினு இருக்குது?"

"அது டிசைன் இல்லைம்மா. சும்மா விளையாட்டுக்கு வச்சது" என்றேன்.

"கல்யாணப் பொடவையில இன்னாபா வெளையாட்டு?"

கண்களை விரட்டுவதற்காகச் சுட்டியை நகர்த்தினேன். அவை கூடவே திரும்பி அத்தையைப் பார்த்தன. விசைகள் எனக்கு மறந்துபோயிருந்தன. நினைவுக்கு வந்த ஒன்றை அழுத்தினேன். அது பெரிதாக்கும் விசை. கண்கள் தாம்பாளம் அளவுக்கு வளர்ந்தன. (மறுபடியும் அழுத்தினேன். படித்தவன் அல்லவா, சோதித்துப் பார்க்க வேண்டாமா?) முந்தானை முழுவதும் மறைந்தது.

"திருஷ்டி சுத்திப் போடறதுக்கு முன்னாடியே திருஷ்டி வந்து குந்திக்கிச்சி" என்று அத்தை எழுந்தார். பெண் சிரித்தாள், அத்தை சிரிக்கவில்லை. "வீட்ல பேசிட்டு சொல்றோம்பா" என்று போனார்கள். சொல்லவில்லை.

பழைய நிரலை மத்தியானத்துக்குள் திரும்ப வைத்துவிட்டேன். தறிகளை அப்படி ஓடவைக்க எனக்குத் தெரியவில்லை. பொங்கல் வரை ஏகாம்பரம் வேறொருவர் தறியில் கூலிக்கு நெய்தான். என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பல வருடம் கழித்து என் மகள் கல்யாணத்தில், பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிப்பதற்காகக் கூரைப் புடவையைத் தட்டில் வைத்து எடுத்து வந்தவன் தாய்மாமனான அவன்தான். என் முன்னால் வந்ததும் தட்டைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, கண்ண மூடிக்கினு தொடுங்க."

பந்தலே சிரித்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் எந்தப் புடவை வந்தாலும், பிரிப்பதற்கு முன் யாராவது பின்னால் வந்து என் கண்களைப் பொத்துகிறார்கள். நான் தடுப்பதில்லை.