அரை மணி நேர வேலை

"பன்னெண்டு தப்பா? இப்பதானே மூணு இருந்துச்சு?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் இராமதாஸ்.

உப்பளத்து ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று அதற்கு இரண்டு திரைகள். பழைய மெஷினுக்காக அவர் எழுதிய மெமரி அலோகேட்டரை இதில் ஏற்ற வேண்டும். பந்தியில் இலை போடுவதுபோல, கேட்கிற புரோகிராமுக்கெல்லாம் மெமரியை ஒதுக்கிக் கொடுக்கிற சமாச்சாரம் அது. புது மெஷினின் சி மொழி லைப்ரரிக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் தப்புகளாகக் கொட்டியது.

"அரை மணி நேர வேலை முசியே!" என்று பிரெஞ்சுக்கார முதலாளி க்சாவியேவிடம் காலையில் மார்தட்டியிருந்தார். சாயங்காலத்துக்குள் ஓடினால் தலைமைப் புரோகிராமர் பதவி. ஓடாவிட்டால் மானம் போகும். மானத்தைப் பற்றி அவருக்குக் கவலையில்லை; அது பலமுறை போய் வந்ததுதான். பதவிதான் வேண்டும்.

ஃபைலின் தலையில் ஒரு ஹெடர் வரியை மாற்றினார். தப்பு முப்பதானது. ஃபைலைத் திறந்தால் ஹெடர் பழையபடியே இருந்தது. மறுபடி மாற்றினார். இந்தத் தடவை, சற்றுமுன் எழுதிய ஃபங்ஷனையே காணோம். நாம்தான் அழித்தோமோ?

மத்தியானம் வீட்டில் மனைவி அமிர்தவல்லி கேட்டாள்: "மண்ணெண்ண எங்க?"

"ஐயோ, மறந்துட்டேன்."

"மறதி முத்திப் போச்சு உங்களுக்கு."

"ஆமா வல்லி. ஆபீஸ்ல எழுதுனத அழிச்சனான்னுகூட ஞாபகம் இல்ல."

அவள் பதறிப்போய் சோற்றைவிட அதிகமாக வல்லாரைத் துவையலை வைத்தாள்.

துவையல் தந்த தெம்பில் திரும்பி வந்து எல்லாவற்றையும் திருத்திக் கம்பைல் செய்தார். தப்பு நூறைத் தாண்டியது. தான் எழுதவே எழுதாத வரிகள் நடுநடுவே நின்றன. அவை தன்னுடையதைவிட நன்றாக இருந்ததுதான் அவரை நடுங்க வைத்தது.

நேரே க்சாவியேவின் அறைக்குப் போனார்.

"முசியே, பதவியெல்லாம் வேணாம். லீவு குடுங்க. எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு."

க்சாவியே வாய் திறப்பதற்குள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள், மேலே வேலை பார்க்கும் அஞ்செல். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. கதவோரம் நின்ற இராமதாஸை அவள் கவனிக்கவில்லை.

"முசியே, இராமதாஸ் சாரால முடியாதுன்னு காலையில எங்கிட்ட ரகசியமா குடுத்தீங்களே அந்த ஃபைலு, அத நான் திருத்தத் திருத்த பேய் வந்து அழிக்கிது!"