சத்தம் போடாத பொங்கல்

பொங்கல் பானையிடம் ‘மெதுவாகப் பொங்கு’ என்று கெஞ்சிய மனிதர் இந்த உலகத்திலேயே எங்கள் சுப்ரஹோ மாமா ஒருவர்தான். வாய் திறந்தவர்களையெல்லாம் இந்தியில் ‘சுப் ரஹோ’, அதாவது வாயை மூடு, என்று அடக்கி அடக்கியே அந்தப் பெயரை வாங்கினார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்கே மறந்துபோயிருந்தது.

இளமையெல்லாம் இந்தத் தீவுக் காடுகளில் மரம் வெட்டிச் சாத்தம் மர மில்லுக்கு அனுப்பியவர். பிறகு எங்களைப் போலவே பெரார்கஞ்ச் பக்கம் சர்க்கார் கொடுத்த நிலத்தில் நெல் போட்டார். எங்கள் வயல்களுக்கு மேலே ஒரு குன்று, அதில் வெட்டாமல் விட்ட துண்டுக் காடு, அதன் அடியில் ஓர் ஊற்று. தமிழர், வங்காளி, தெலுங்கர் அத்தனை பேருக்கும் கோடையில் குடிக்க அந்தத் தண்ணீர்தான்.

அந்தக் காட்டுக்குள் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார். தான் வெட்டிய மரங்களெல்லாம் போக்கிடமில்லாமல் அங்கே வந்து குடியிருப்பதாக அடித்துச் சொல்வார். ஒரு படாக் மரத்தைக் கண்டால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கிப் போவார். கேட்டால், இரண்டு பேருக்கும் பழைய மனஸ்தாபமாம்.

நான் மதுரைப் பக்கமிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்த புதுசு. முதல் பொங்கல். அறுப்பு முடிந்த வயலோரம் ஊருக்கே பொதுவாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். பால் பொங்கியது. ஊரே ரகசியம் பேசுவது போல ‘பொங்கலோ பொங்கல்’ என்று முணுமுணுத்தது. வங்காளிப் பெண்கள் குலவையைக்கூட முந்தானைக்குள் போட்டார்கள். இதென்ன இழவு வீடா என்று எனக்கு எரிச்சல் வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்.

குருவிச் சத்தம் நின்றது. காட்டுக்குள் ஒரு பெரிய மரம் கிறீச்சிட்டுச் சாய்ந்து தடாலென்று விழும் ஓசை கேட்டது. ஆண்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். ஒரு மரமும் விழவில்லை.

மாமா என்னைக் கோபிக்கவில்லை. “காட்டுல ஒருத்தன் கத்துனா மரம் சாயப்போகுதுன்னு அர்த்தம் தாயி. நான் வெட்டுனதுக பயந்துபோச்சு,” என்றார். நான் சிரித்து வைத்தேன். ஆனால் அதன்பிறகு வெகுநாள் ஊற்றுக்குத் தனியாகப் போகவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு காண்டிராக்டர் வந்தார். குன்றை மொட்டையடித்து வயலாக்கித் தருவாராம். மரம் அவருக்கு, நிலம் எங்களுக்கு. எல்லோரும் தலையாட்டினோம், என் வீட்டுக்காரர் முதல் ஆளாக. காடு போனால் ஊற்றும் போய்விடும் என்று மாமா வீடுவீடாகச் சொன்னார். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

பொங்கலன்று காலை காண்டிராக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். மாமா அவருக்கு நாற்காலி போட்டு, அடுப்பருகே உட்காரவைத்தார். “இந்த வருசம் நீங்கதான் சொல்லணும் சாப். நல்லா வாய்விட்டுச் சொல்லுங்க.”

நாங்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தோம். மனிதர் கத்தினார்.

மேலே ஒரு மரம் விழுந்தது. அடுத்து இன்னொன்று. பிறகு குன்றே சரிவது போல ஒன்றன்மேல் ஒன்றாக ஓசை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஓர் இலை அசையவில்லை. ஓசை இறங்கி, வயலைத் தாண்டி, காண்டிராக்டரின் நாற்காலிக்கு நேர் பின்னால் வந்து விழுந்தது. பானையில் பால் தளும்பியது.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். குன்றைப் பார்த்து, மிக மெதுவாக, “சுப் ரஹோ,” என்றார்.

நின்றுவிட்டது. காண்டிராக்டர் ஜீப்பில் ஏறிப் பறந்துவிட்டார், அது நின்ற இடத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அந்த ஆள் அதைத் தேடிக்கூட வரவில்லை.

எல்லாம் மாமாவின் ஏற்பாடு என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். அன்று ஜீப் போனதும் அவர் பக்கத்தில் போய் நின்றவள் நான். “இம்புட்டுப் பேர் இருக்காகன்னு எனக்கே தெரியாது தாயி,” என்று சொல்லி அழுதார்.

காட்டைத் தொடுகிற பேச்சு அதோடு முடிந்தது. அந்தக் கோடையில் அக்கம்பக்கத்து ஊர்க் கிணறுகள் வறண்டு, அந்த ஊர்ப் பெண்களும் குடத்தோடு எங்கள் ஊற்றுக்கு வந்தார்கள். மாமா வரிசையில் நிறுத்தி, சத்தமில்லாமல் மொள்ளச் சொன்னார்.

இப்போது நான் டவுனை ஒட்டிய புரோத்ராபூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். கேஸ் அடுப்பில்தான் பொங்கல். பேரப்பிள்ளைகள் கத்த வாயெடுத்தால் ‘சுப் ரஹோ’ என்று அடக்கிவிடுகிறேன். பாட்டிக்குக் கிறுக்கு என்கிறார்கள். மாமாவை அந்தக் காட்டோரத்தில்தான் புதைத்தோம். அந்த மரக்கூட்டம் அவரை மன்னித்துச் சேர்த்துக்கொண்டிருக்கும். நிம்மதியாகத் தூங்குகிறவரைத் திடுக்கிட வைக்க எனக்கு மனசு வரவில்லை.