கதிரேசன் வயிற்றில் குடியிருப்போர்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். ஒரு வீடு. மேலே ஒரு வாசல், கீழே ஒரு வாசல். உள்ளே முப்பது லட்சம் கோடிப் பேர் குடியிருக்கிறார்கள். ஒருவருக்கும் வாடகை ஒப்பந்தம் கிடையாது. அது என்ன?

வயிறு. சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள். மேற்கு மாம்பலம் கதிரேசனுக்கு இது அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது, அதுவும் லிஃப்ட் வாசலில்.

தி.நகரில் புடவைக் கடை வைத்திருந்த மனிதர். இதயம் தளர்ந்து, கால் வீங்கி, பத்துப் படி ஏறினாலே மூச்சு முட்டியது. வீடோ மூன்றாம் மாடி. லிஃப்ட் இருந்தது. ஆனால் மின்சிக்கனத்தை முன்னிட்டு, இதய நோயாளிகள் மட்டும் உரிய சான்றுடன் அதில் செல்லலாம் என்று குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. சாவி, செயலாளர் ஸ்ரீரங்கனிடம். அவர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். அவர் போன பிறகு அலுவலகம்தான் ஓய்வு பெற்றது என்பார்கள்.

அவர் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு டாக்டர் கடிதத்தைப் படித்தார்.

"இதயச் செயலிழப்பு. சரி. அடுத்த வரி என்ன? 'குடல் நுண்ணுயிரிகளுக்கும் இதில் பங்கிருக்கலாம், நார்ச்சத்து சேர்க்கவும்.' அப்போ இது இதயக் கேஸா, குடல் கேஸா?"

"ரெண்டும் எனக்குள்ளதான் சார் இருக்கு."

"விதியில குடல் இல்லையே. அது கிடக்கட்டும். உள்ளே இத்தனை பேரைக் குடிவெச்சதைச் சங்கத்துக்கு ஏன் தெரிவிக்கலை?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

"லிஃப்ட்ல ஆறு பேர்தான் ஏறலாம்."

"எல்லாரும் சேர்ந்தே கால் கிலோதான் சார் வருவாங்க."

"எடையைக் கேக்கலை, தலையைக் கேக்கறேன். அவாள்லாம் சைவமா? நம்ம கட்டடம் சைவம்."

கதிரேசனுக்குப் பொய் வராது. "ஞாயித்துக்கிழமை தவிர" என்றார்.

பொருள், பொதுக்குழுவின் மேலான பரிசீலனைக்கு வைக்கப்பட்டது. பொதுக்குழு கூடுவது மொட்டை மாடியில். மனுதாரரால் ஏற முடியாது; மனுதாரர் வராமல் மனுவை எடுக்க முடியாது. ஸ்ரீரங்கன் மட்டும் லிஃப்டில் போனார், ஆய்வின் நிமித்தம்.

கதிரேசன் கார்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்காக ஒன்பது வயதுப் பேத்தி ஷண்முகப்ரியா மாடிக்கு ஓடினாள், ஓடி வந்தாள்.

"தாத்தா, மேல எல்லாரும் வயித்து டெஸ்ட் ரிப்போர்ட் வெச்சிருக்காங்க. வைதேகி ஆன்ட்டிக்கு அறுநூறு வகைக் கிருமியாம். வெங்கடேஷ் அங்கிளுக்கு எழுநூறாம். வகை கூடினா உடம்புக்கு நல்லதாம், கைதட்டினாங்க."

"அவங்களுக்கும் இருக்கில்ல? கேட்டுட்டு வா."

மறுபடி ஓடினாள், மறுபடி வந்தாள். "அவங்க வயித்துல இருக்கறது குடும்பமாம். நம்ம வயித்துல இருக்கறது வாடகைக்கு வந்ததாம். ஆளுக்கொரு படிவம் எழுதிப் போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்கணுமாம். போட்டோவோட."

கதிரேசன் சிரிக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது. இன்றைக்கு வீடு போய்ச் சேருவோமா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஷண்முகப்ரியா மூன்றாம் முறை ஏறவில்லை. லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த விதிகளை விரல் வைத்துப் படித்தாள். ஆய்வு முடிந்து ஸ்ரீரங்கன் இறங்கியதும் கேட்டாள்.

"அங்கிள், 'பத்து வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றி லிஃப்டில் செல்லக் கூடாது.' அப்போ துணையோட போகலாமா?"

"போகலாம்."

"துணைக்கு வர்றவருக்குச் சான்று வேணுமா?"

ஸ்ரீரங்கன் விதிப்புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "சொல்லலை."

"அவர் வயித்துல யார் இருக்காங்கன்னு கேக்கணுமா?"

"அதுவும் சொல்லலை" என்றார் ஸ்ரீரங்கன். அவர் குரலில் மரியாதை வந்துவிட்டது. சாவியைத் திருப்பினார்.

நோயாளி கதிரேசனின் மனு நிலுவையில் இருக்க, துணை கதிரேசன் மூன்றாம் மாடிக்குப் புறப்பட்டார்.

"என் உசிரைக் காப்பாத்திட்டே, கண்ணு" என்று பேத்தியின் தலையைத் தடவினார். "நல்லாப் படிச்சுப் பெரிய டாக்டராயிடு."

ஷண்முகப்ரியா அவர் சட்டைப்பையில் மடிந்துகிடந்த டாக்டர் கடிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

டாக்டர் வேண்டாம், செயலாளர் ஆகிறேன் என்றாள்.