கோலிச் சித்தப்பா தடுத்த ஒரே பெனால்டி

ரொறன்ரோவில் கோலிச் சித்தப்பா பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பொருளும் தரையைத் தொட்டதில்லை. பிறந்தநாள் விழாவில் சரிந்த கேக், தட்டிலிருந்து உருண்ட ரோல்ஸ், ஒருமுறை கதிரையிலிருந்து வழுக்கிய என் மகள், எல்லாவற்றையும் பேச்சை நிறுத்தாமலே பிடித்திருக்கிறார்.

அவர் ஸ்கொட்லாந்துக்காரர். அங்கே உதைபந்தாட்ட அணிகளில் பதினொரு வருஷம் சம்பளத்துக்குக் கோல் காத்த கோலி. பிறகு இங்கே வந்து, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் என் சின்னம்மாவைக் கட்டி, யாழ்ப்பாணத் தமிழும் பழகிக்கொண்டார். அவருடைய ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் எங்களுக்கு விளங்கும்.

கைகுலுக்கினால் விரல்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்துவார். சுண்டுவிரல் அபர்டீனில் முறிந்தது, மோதிரவிரல் டண்டீயில். ஆனால் அத்தனை வருஷத்தில் ஒரு பெனால்டியைக்கூட அவர் தடுத்ததில்லை. உதைக்குமுன்பே எப்போதும் இடப்பக்கம் பாய்ந்துவிடுவாராம்.

"அது ஸ்கொட்லாந்தில மாடுகளுக்கும் தெரியும், பிள்ளை," என்று சிரிப்பார். சிரித்து முடித்தபின், "ஒண்டையாவது பிடிச்சிருக்கலாம்," என்பார். அப்போது சிரிப்பு இருக்காது.

போன கோடையில், இங்குள்ள யாழ்ப்பாண ஊர்ச் சங்கங்களுக்கிடையிலான உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எங்கள் ஊர் அணியின் கோலி பக்கத்து நகரான விட்பியிலிருந்து வரும் வழியில் வாகன நெரிசலில் மாட்டிக்கொண்டார். ஊரில் பிறந்தவர் அல்லது பெண் எடுத்தவர் மட்டுமே விளையாடலாம் என்பது விதி. சித்தப்பா அதற்குள் கையுறை மாட்டிவிட்டார். எதிரணி முறைப்பாட்டோடு வந்தது.

"நான் ஊர் மருமோன். கலியாண அல்பம் காட்டோணுமோ?" என்று கேட்டார்.

குளிர்காலத்தில்தான் அவருக்கு முழங்கால் மாற்றியிருந்தார்கள். அவர் பந்துக்குப் பாயாமல் பார்த்துக்கொள்வதாகச் சின்னம்மா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் வேலைக்குப் போயிருந்தார். மறித்திருக்க வேண்டுமோ, மறித்தால் ஊர் தோற்குமோ என்று குழம்பியபடி, மகளை ஸ்ரோலர் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குப் பெனால்டி. உதைப்பவன் ஓடிவந்தான். சித்தப்பாவின் இடத்தோள் சாயத் தொடங்கியது.

"சித்தப்பா, பாயாதேங்கோ. சின்னம்மாவுக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கத்திவிட்டேன்.

அவர் அப்படியே உறைந்து நின்றார். கோலி எப்படியும் ஒரு பக்கம் பாய்வார் என்று நம்பியவன், பந்தை நட்டநடுவில் உதைத்தான். அது நேரே நெஞ்சுக்கு வந்தது. சித்தப்பா இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு, நெடுநேரம் விடவேயில்லை. நடுவர் பந்தைக் கெஞ்சி வாங்கவேண்டியிருந்தது. கிண்ணம் எங்களுக்கு.

பின்னேரம் சின்னம்மா வேலையால் வந்தபோது, சித்தப்பா சோபாவில் இருந்து, மேல்மூலைக்குத் தான் பறந்த கதையை விருந்தினருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னம்மா என் பக்கம் திரும்பினார்.

"உண்மையா இந்த மனிசன் பாய்ஞ்சவரோ?"

சித்தப்பா என் முகத்தையே பார்த்தார்.

"ஓம் சின்னம்மா, பறந்தவர்," என்றேன்.

வாக்கு மீறியதற்காக அன்று நான் வாங்கிய ஏச்சில் ஒரு சொல்கூட வலிக்கவில்லை.