ஐந்து நிமிடம் யாரும் தும்மக் கூடாது

கைபேசியை வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டு, நாற்பது வயதான கம்ப்யூட்டரை மட்டும் விடாமல் கட்டிக்கொண்டு அழுகிற ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்த்தால் சாதுவாகத்தான் தெரியும். பேச்சுக் கொடுத்தால் தொலைந்தீர்கள்.

பாளையங்கோட்டை மெர்வின் அந்த இனத்தில் அசல். ஓய்வு பெற்ற வங்கிக் குமாஸ்தா. அவருடைய ஸ்பெக்ட்ரம் என்கிற பழைய கம்ப்யூட்டருக்கு அழிரப்பர் போன்ற விசைகள், பழைய டி.வி.தான் திரை, விளையாட்டை டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ஐந்து நிமிடமும் வீட்டில் மிக்ஸி ஓடக் கூடாது, மோட்டார் போடக் கூடாது, யாரும் பலமாகத் தும்மக் கூடாது. தும்மினால் என்ன ஆகும்? அவரிடம் கேட்காதீர்கள். விளக்கிவிடுவார்.

சென்ற மாதம் மகள் ரீபாவைப் பெண் பார்க்கச் சேரன்மகாதேவியிலிருந்து வந்தார்கள். அன்று காலையில்தானா, எண்பத்தொன்பதில் மெர்வினே எழுதிய தாமிரபரணிப் படகு விளையாட்டின் ஒரே கேசட் அகப்பட வேண்டும்?

"ஏங்க, வாசல்ல கார் வந்து நிக்கு! அதை மூடி வைங்க," என்றாள் மனைவி பியூலா. "ஏற்கெனவே ரெண்டு இடம் உங்களாலதான் தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா நான் நாங்குநேரி அக்கா வீட்டுக்குப் போயிருவேன்."

"அஞ்சே நிமிசம், பியூலா!"

விருந்தினர் உள்ளே நுழையவும் கேசட் 'கீஈஈ' என்று அலறவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா தேவசிகாமணி, கணக்கு வாத்தியார், நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டார். ரீபா முகத்தை மூடிக்கொண்டாள். பியூலா ஜெபிக்கத் தொடங்கினாள்.

"என்னவே இது?" என்றார் வாத்தியார்.

"கேசட்டு..."

"அது தெரியுது. டேப்பைப் படிக்குற ஹெட்டு சாஞ்சி கெடக்கே, எப்படிவே ஏறும்? சின்ன ஸ்குரு டிரைவர் எடும்!"

சம்மணமிட்டு உட்கார்ந்து, டேப் ரிக்கார்டரில் ஒரு திருகாணியைப் பையத் திருப்பினார். அலறல் கூர்மையானது. திரையின் ஓரங்களில் நீலமும் மஞ்சளும் குதித்தன. அப்புறம் கேசரி ஆறியது, காபி ஆடை கட்டியது, மாப்பிள்ளை எபியும் ரீபாவும் வாசலில் ஒரு மணி நேரம் பேசிச் சிரித்தார்கள். அப்பாக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் படகு, ஆறு கடலில் கலக்கும் புன்னக்காயல் சேர்ந்ததும் இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

வாத்தியாரின் மனைவி கிரேஸ் பியூலாவின் கையைப் பற்றினாள். "எங்க வீட்டுல இது மாதிரி மூணு கெடக்கு, மதினி. ஊர்லயே எனக்கு மட்டுந்தான் இந்தப் பாடுன்னுல்லா நெனச்சேன்!"

பியூலா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. சம்பந்தம் அங்கேயே முடிவானது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் அலமாரியில் எதற்கும் பொருந்தாத வயர்கள் ஒரு பை நிறைய இருக்குமே, அதை வீட்டில் யாராவது குப்பைக்கு எடுத்தால், "அது இருக்கட்டும்" என்று பாய்ந்து வருவது யார்?